நாற்பத்தாறு ஓம்

முப்பது வருடத்துக்கு மேல் ஓம் அளப்பதுதான் என் வேலை. ஆனால் ஓமை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் வோல்ட்டும் ஆம்பியரும்தான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்சாரத்தின் வழியில் எவ்வளவு தடை இருக்கிறது என்பது. இரண்டையும் பெருக்கினால் வாட், அது எவ்வளவு வேலை செய்கிறது அல்லது எவ்வளவு சுடுகிறது என்பது. இந்த இரண்டு கணக்கையும் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இதற்கா சம்பளம் வாங்கினாய் என்று என் தம்பி இன்றைக்கும் கேலி செய்கிறான்.

போன மாதம் அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு புதுக் கருவியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். இடுக்கி மாதிரி இருக்கிறது. எர்த் கம்பியைக் கவ்விப் பிடித்தால் திரையில் ஓம் நேராக வந்து நிற்கிறது. கணக்கே வேண்டாம். கூடவே ஒரு கேள்வி: "மேடம், பழைய ரிப்போர்ட்ல எல்லாம் வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் ஸ்பாட்ல எழுதிட்டு, ஓம் மட்டும் ஆபீஸ் வந்து வேற பேனாவுல எழுதியிருக்கீங்களே, ஏன்?" பழக்கம் என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. அன்று முதல் மனசு சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டிய மண்டபம், மில், பள்ளிக்கூடம் என்றால் மின்சார இணைப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்போம். எங்கேயாவது மின்சாரம் தாக்கி ஆள் இறந்தால் ஏன் இறந்தார் என்று போய்ப் பார்த்து எழுதுவோம். முன்னது பகல் வேலை மாதிரி. பின்னது வீட்டுக்கும் கூடவே வரும்.

டிப்ளமோ முடித்துச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கையில் சம்மட்டியும் பையில் அளவெடுக்க மண்ணில் அடிக்கிற இரும்பு முளைகளுமாக டவுன் பஸ் ஏறுகிற பெண்ணைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். "என்னம்மா, கூடாரம் அடிக்கப் போறீங்களா?" என்று ஒரு கண்டக்டர் தினமும் கேட்பார். நானும் தினமும் ஆமாம் என்பேன். முளை அடிக்கக் கற்றுக்கொண்டேன், கை காய்த்தது, அவ்வளவுதான் பயிற்சி.

மீதியை அந்தோணிசாமி சாரிடம் கற்றேன். மன்னார்புரத்திலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். ஒல்லி. அரைக்கை வெள்ளைச் சட்டை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பரிசோதனைக்குப் போன இடத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். காப்பி நீட்டுகிறவர்களிடம், "வயிறு சரியில்லைங்க" என்பார். அவருக்கு வயிறு சரியில்லாத நாளே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். நான் முள் நிற்கிற இடத்தைப் படிக்க வேண்டும். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். நான் மறுபடி சொல்வேன். பிறகுதான் எழுதுவோம். எத்தனை ஓம் என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டார். "பார்த்ததை மட்டும் இங்க சொல்லுவோம். கணக்கை ஆபீஸ்ல போய்ப் போட்டுக்கலாம்." மில் முதலாளியாக இருந்தாலும் சரி, செத்தவர் வீடாக இருந்தாலும் சரி, இதே பதில்தான். முதலாளிகள் எரிச்சல்படுவார்கள். எனக்கும் ஆரம்பத்தில் இது வீண் பிகுவாகத்தான் பட்டது.

எர்த் குழி என்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார், கிரைண்டர் போன்றவற்றின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் அது மண்ணுக்குள் ஓடிப் போக ஒரு வழி வேண்டும். அதற்காகக் கொல்லையில் குழி வெட்டி, ஒரு குழாயைப் புதைத்து, சுற்றிலும் அடுப்புக் கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். மண் ஈரமாக இருந்தால் தடை குறைவு. கசிகிற மின்சாரம் ஒரே பாய்ச்சலாக ஓடும், ஃபியூஸ் பட்டென்று போய்விடும், ஆள் பிழைப்பார். மண் காய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓடும். ஃபியூஸுக்குச் சந்தேகமே வராது.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான் நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தாலே குழியில் உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அளவு அழகாக வரும். உறையூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சார் குழியருகே குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். மேனேஜரை நிமிர்ந்து பார்த்து, "எர்த் குழி கேட்டா ஊறுகாய் ஜாடி வச்சிருக்கீங்களே" என்றார். பெட்டியை மூடச் சொன்னார். "காயட்டும்ங்க. இன்னொரு நாள் வரோம். சொல்லாம வருவோம்." நான் வாசல் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். அந்த மாதிரி நாட்களும் உண்டு.

முதல் சாவு ஜீயபுரத்தில். வாழைத் தோப்பில் வேலைக்கு வந்த ஆள், அறுந்து தொங்கிய கம்பியைக் கையால் ஒதுக்கப் போய் இறந்துவிட்டார். அலுவலகம் திரும்பியதும் சார் என்னை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். இருநூற்று முப்பது வோல்ட். நனைந்த காலோடு நிற்கிற உடம்புக்கு ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். வகுத்தால் கால் ஆம்பியர்கூட இல்லை. அதை வோல்ட்டால் பெருக்கச் சொன்னார். ஐம்பத்து மூன்று வாட் வந்தது. ஒரு மேசை மின்விசிறி சுற்ற ஆகிற அளவு. ஒரு மனுஷனைக் கொல்ல அது போதும். வெகு நாள் வரைக்கும் வீட்டில் அந்த விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

இனி சரோஜாவின் வீட்டுக்கு வருகிறேன். நிஜப் பெயர் வேறு. ஆனால் அந்த அம்மாளை நான் மனசுக்குள் சரோஜா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற பக்கம், கொல்லையில் நாலு தென்னை உள்ள சின்ன வீடு. கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, முட்டிவலியால் வேலையை விட்டவர். ஒரே மகன் சுரேஷ். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டுக் கைலாசபுரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொல்லையில் போர் தண்ணீருக்கு ஒரு மோட்டார். அது சரியாகத் தண்ணீர் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் அதன் வாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அப்பா கொல்லையில் நின்று தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு "போடு" என்று குரல் கொடுப்பார். அம்மா அடுக்களையில் இருக்கிற சுவிட்சைப் போடுவாள். குழாயில் தண்ணீர் ஏறியதும் "வந்துருச்சு" என்பார். அந்த வீட்டில் தினமும் காலையில் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற முதல் பேச்சே இதுதான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அன்றைக்கு "போடு" கேட்டது. சரோஜா போட்டாள். "வந்துருச்சு" கேட்கவில்லை.

நாங்கள் போனபோது கருமாதிகூட ஆகவில்லை. சார் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கூடத்தில் இறந்தவரின் தங்கை, சரோஜாவுக்கு நாத்தனார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று தெரிந்ததுமே ஆரம்பித்தார்.

"என்னத்த விசாரிக்கப் போறீங்க? சுவிட்சைப் போட்டா, எங்கண்ணன் போயிட்டாரு. அவர் தள்ளி நிக்கிறாரா இல்லையான்னு எட்டிப் பார்க்கிறதுக்கு இவளுக்கு என்ன கேடு?"

சரோஜா அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "போடுன்னாங்க, போட்டேன் மேடம். வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். சத்தம் வரலையேன்னு எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு வெங்காயம் உரிச்சிட்டேன்."

அந்த இரண்டு வெங்காயம் என்னை என்னவோ செய்துவிட்டது. இந்தப் பெண்ணை இந்தப் பழியிலிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். பரிசோதிக்கப் போகிறவள் முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. ஆனால் நானும் மனுஷிதானே.

வரிசைப்படி பார்த்தோம். மோட்டாரின் உள்சுருளில் காப்பு கருகி, மின்சாரம் இரும்பு உடம்புக்கு வந்திருந்தது. பழைய மோட்டாருக்கு வருகிற வியாதிதான். ஃபியூஸ் பார்த்தோம். பதினைந்து ஆம்பியர் கம்பி, சரியான அளவு, அறுந்திருக்கவில்லை. மோட்டாரிலிருந்து எர்த் குழிக்குப் போகிற கம்பி முழுசாக இருந்தது, இணைப்பும் இறுக்கமாக இருந்தது. யாரும் எதையும் ஏனோதானோ என்று செய்திருக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, ஆள்தான் இல்லை.

எர்த் குழி துவைக்கிற கல்லை ஒட்டி இருந்தது. கல்மேல் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இருபது தப்படி தள்ளி ஒரு முளையும் நடுவில் ஒரு முளையும் அடித்தேன். பக்கத்து வீட்டு இணைப்பிலிருந்து எங்கள் பெட்டி வழியாகக் குழிக்குக் கொஞ்சம் மின்சாரம் அனுப்பினோம். சார் கைக்குட்டையை விரித்தார்.

"இருபத்தி மூணு வோல்ட் சார். அரை ஆம்பியர்."

"இருபத்தி மூணு வோல்ட். அரை ஆம்பியர்," என்றார் உரக்க.

தசமம் எல்லாம் இருந்தது, படிக்கிறவர்களுக்காக எளிய எண்ணாகச் சொல்கிறேன். ஆபீஸ் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை. இருபத்து மூன்றை அரையால் வகுத்தால் நாற்பத்தாறு. நாற்பத்தாறு ஓம் என்பது எர்த்தே இல்லை, எர்த் மாதிரி ஒன்று. இருநூற்று முப்பது வோல்ட் கசிந்தாலும் இதன் வழியாக ஐந்து ஆம்பியர்தான் ஓடும். மோட்டார் ஓட ஒரு ஐந்து. ஆகப் பத்து. பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் எப்படி அறுந்து போகும்? இன்னொரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அது பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது. ஐந்தை இருநூற்று முப்பதால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். அவ்வளவும் வீணாய் மண்ணைச் சுட்டிருக்கிறது. சுடச் சுட மண் இன்னும் காய்ந்திருக்கும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் மோட்டார் உடம்பில் முழு வோல்ட்டும் நிற்க, அவர் ஈரக் காலோடு குழாயைப் பிடித்திருக்கிறார்.

சார் குழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "ஏம்மா, குழியை ஏன் இங்க போட்டீங்க?"

சரோஜா எழுந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வீடு கட்டினப்ப வயர்மேன் சொன்னாருங்க. துவைக்கிற தண்ணி தானா அதுல இறங்கும், தனியா ஊத்த வேண்டாம்னாரு. இத்தனை வருஷமும் அப்படித்தான் இறங்கிட்டிருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இங்க துவைக்கிறது இல்லைங்க. மிஷின் வந்துருச்சு. அந்தத் தண்ணி முன்பக்கம் சாக்கடைக்குப் போயிடுது."

அந்த மிஷினை யார் வாங்கினார்கள் என்று சார் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கூடத்தில் அதன்மேல் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருந்தோம். மகன் முதல் முதலாக வேலைக்குப் போய் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிற சாமானுக்கு நம்மூரில் அப்படித்தான் மஞ்சள் தடவுவார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அளவு கிடைத்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் சாரிடம், "தண்ணி ஊத்தி இன்னொரு தடவை பார்த்துடலாமா சார்?" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அவசியமா?"

"ஈரமா இருந்தா எவ்வளவு, காஞ்சா எவ்வளவுன்னு ரெண்டும் இருந்தா ரிப்போர்ட் பலமா இருக்கும் சார்."

விதிப்படி அது சரி. அவரால் மறுக்க முடியாது. "சரி" என்றார்.

மோட்டார் இணைப்பைத் துண்டித்திருந்ததால் அந்த வீட்டில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து சுரேஷ்தான் வாளியில் கொண்டுவந்து ஊற்றினான். மொட்டை அடிக்காத தலை, கசங்கிய சட்டை, முகத்தில் நாலு நாள் தாடி. நான் போதும் என்று சொன்ன பிறகும் இரண்டு வாளி ஊற்றினான். மண் உறிஞ்சட்டும் என்று காத்திருந்தோம். வெயில் தாழ்ந்து, கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்ட பிறகு மறுபடி மீட்டர்களை இணைத்தேன்.

"பதினொன்றரை வோல்ட் சார். ரெண்டு ஆம்பியர்."

"பதினொன்றரை வோல்ட். ரெண்டு ஆம்பியர்."

வழக்கம்போல அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. நான் நிமிர்ந்தபோது சுரேஷின் உதடு அசைவதைப் பார்த்தேன். அவன் வகுத்துக்கொண்டிருந்தான். பதினொன்றரையை இரண்டால் வகுத்து, ஐந்தே முக்கால். இருநூற்று முப்பதை ஐந்தே முக்காலால் வகுத்து, நாற்பது. வாளி அவன் கையிலேயே இருந்தது.

"சார், நாப்பது ஆம்பியர் ஓடியிருந்தா ஃபியூஸ் போயிருக்கும்ல?"

சார் மீட்டர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "போயிருக்கும் தம்பி" என்றார்.

"கல்லுல துவைச்சிட்டிருந்தா?"

சார் கைக்குட்டையை உதறி மடித்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த நேரம் பார்த்துக் கூடத்துக்குப் போய் நாத்தனார் முன்னால் உட்கார்ந்தேன். "உங்க அண்ணி மேல ஒரு தப்பும் இல்லைங்க. யார் சுவிட்சைப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எர்த் குழி காஞ்சு கிடந்துச்சு, அதான் காரணம். கருவி வச்சு ரெண்டு தடவை பார்த்துட்டோம்." அந்த அம்மாள் எழுந்து போய்ச் சரோஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "என் வாயில புழு புழுக்க, உன்னைப் போய்ச் சொன்னேனே" என்றார். சரோஜாவும் அப்போதுதான் முதல் முறையாக அழுதாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. என் வேலையில் அப்படி ஒரு நிறைவு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அந்தச் சமயத்தில் சுரேஷ் எங்கே இருந்தான் என்று நான் பார்க்கவில்லை.

சார் மொபெட்டைக் கொண்டுவரவில்லை, இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "கணக்கை ஆபீஸ்ல போடலாம்னு நான் ஏன் சொல்றேன்னு இப்பத் தெரியுதா? அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது வெறும் நம்பர் இல்லம்மா. அது போய் யாராவது ஒருத்தர் மேல உட்காரும்."

"நாம ஓமே சொல்லலையே சார். வோல்ட்டும் ஆம்பியரும்தானே சொன்னோம்."

"அதான். வகுக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் அந்த வீட்டுக்குள்ளயே இருப்பான்னு நானும் நெனைக்கல."

அறிக்கையில் ஒருவர் பெயரும் இல்லை. எர்த் மின்தடை மிக அதிகம், அதனால் ஃபியூஸ் செயல்படவில்லை, எந்தத் தனி நபரின் செயலும் காரணமல்ல என்று எழுதினோம். துவைக்கிற கல்லைப் பற்றியோ மிஷினைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. சார் அதை மூன்று முறை திருத்தி எழுதினார். அவ்வளவு சுத்தமான அறிக்கையை அவர் அதற்கு முன் எழுதியதில்லை என்பேன். படிக்க வேண்டியவன் அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் சோகம். அவன்தான் ஏற்கெனவே கணக்கை முடித்துவிட்டானே.

சார் ஓய்வு பெற்ற நாளில் மாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தவரிடம், அன்றைக்குச் சுரேஷிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே சார் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி என்று ஒரு வார்த்தை போதாதா என்றேன்.

"தெரிஞ்சவன்கிட்ட பொய் சொன்னா அவன் ஆயுசு பூரா கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பான்மா."

"உண்மையைச் சொன்னா மட்டும் நிறுத்திடுவானா சார்?"

அவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இப்போது அவரும் இல்லை. அந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. புதுக் கருவி வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். திரையை உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சரோஜாவை நான் மறுபடி பார்த்தது காவிரிக் கரையில், அம்மா மண்டபம் படித்துறையில். ஒரு ஆடி மாதம், தண்ணீர் படி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேறு காரியமாகப் போயிருந்தேன். கூட்டத்தில் அவள்தான் என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தாள். இளைத்திருந்தாள். கணவருக்குத் திதி கொடுக்க வந்ததாகச் சொன்னாள். படியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தது அவள் மகன் இல்லை, நாத்தனார் மகன்.

"சுரேஷ் வரலையா?"

"மஸ்கட்ல இருக்கான் மேடம். முதல் வருஷத் திதிக்கு வரேன்னான், வரல. அடுத்த வருஷமும் வரல. இப்ப நான் கேக்கிறதே இல்ல." கையில் இருந்த பூக்கூடையைக் கீழே வைத்தாள். "போறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் புது எர்த் போட்டான். தொட்டாலே கரண்ட் நிக்கிற மாதிரி ஒரு சுவிட்சும் மாட்டினான். மிஷினை யாருக்கோ குடுத்துட்டான். எல்லாம் பண்ணிட்டுத்தான் போனான். ஆனா போன் பண்ணினா முதல் வார்த்தை, சாப்பிட்டியாம்மான்னு இல்ல. குழிக்குத் தண்ணி ஊத்தினியான்னுதான். ஊத்தினேன்டான்னு சொன்ன பிறகுதான் மத்ததைப் பேசுவான். மத்தது பேசவும் ஒண்ணும் இருக்காது."

அவன் தப்பு ஒன்றும் இல்லையே, அம்மாவுக்கு ஆசையாக ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தான், அது எப்படித் தப்பாகும் என்று ஏதோ சொன்னேன். நாத்தனார் அன்று அழுததையும், இவள் அழுததையும் நினைவுபடுத்தி, உங்கள் மேல் இருந்த பழியாவது போயிற்றே என்றும் சொல்லிவிட்டேன்.

சரோஜா கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க மேடம், எனக்குத் தெரியும். ஆனா அவங்க என்னைத் திட்டினப்ப நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே, பார்த்தீங்கல்ல? நான்தான் போட்டேன். அது என் கையோட போகட்டும்னு இருந்தேன். பொம்பளை நான், வீட்டுல கிடந்து அழுதுட்டு எப்படியோ சுமந்திருப்பேன். நீங்க வந்து என்கிட்டருந்து அதை எடுத்தீங்க. கீழ வைக்கலையே மேடம். அவன்கிட்டல்ல குடுத்துட்டுப் போயிட்டீங்க."

படியிலிருந்து நாத்தனார் மகன் கூப்பிட்டான், பிண்டத்தைக் கரைக்க வேண்டும் என்று. சரோஜா கூடையை எடுத்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.